247-ஐ விட்டுவிட்டு ஐந்தில் தொடங்கலாம்: வீட்டில் குழந்தைக்கு எழுத்தும் ஒலியும்

மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுச் சுவரில் அநேகமாக ஓர் எழுத்து அட்டவணை தொங்கும். மேல் வரியில் உயிர் 12, இடப்பக்கம் மெய் 18, நடுவே உயிர்மெய் 216, ஏதோ ஒரு மூலையில் ஆய்தம். ஆக 247. தமிழ் ஒலிகளின் ஒழுங்கைக் காட்ட இதைவிட நல்ல படம் கிடையாது. குறிலும் நெடிலும் அடுத்தடுத்து நிற்கும். க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம என்று வல்லினமும் மெல்லினமும் ஜோடி ஜோடியாக, உள்வாயில் பிறக்கும் ஒலியில் தொடங்கி உதட்டில் பிறக்கும் ஒலிவரை வரிசையாக வரும். ஒலிகளை நன்றாக அறிந்தவர்கள், அறிந்தவர்களுக்காகப் போட்டுவைத்த வரிசை அது.

வாசிக்கத் தொடங்கும் குழந்தைக்கு அந்த வரிசை உதவுவதில்லை. தமிழ்ச் சொல்லுக்குள் இரண்டு உயிரெழுத்துகள் அடுத்தடுத்து வருவதில்லை. ஆகவே 'அ' முதல் 'ஔ' வரை பன்னிரண்டையும் கற்று முடித்த குழந்தையால் அவற்றை மட்டும் வைத்துப் படிக்க முடிகிற, அதற்குத் தெரிந்த சொல் 'ஈ' ஒன்றுதான். மாதக்கணக்கில் எழுத்து கற்றும் ஒரு சொல்லைக்கூட வாசிக்காத குழந்தை, எழுத்து என்றால் ஒப்பிக்கும் பாட்டு என்று முடிவுசெய்துகொள்கிறது. பிறகு அச்சில் 'அம்மா'வைக் காட்டினால் விழிக்கிறது. வரிசையை மாற்றினால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். முதலில் காது பழக வேண்டும், பிறகு கண், கை கடைசியில்.

எழுத்தைக் காட்டும் முன்

மூன்று, மூன்றரை வயதில் செய்ய வேண்டியது கைதட்டு விளையாட்டு மட்டும்தான். ஒரு சொல்லைச் சொல்லி, அது வாயிலிருந்து எத்தனை துண்டாக வருகிறதோ அத்தனை தட்டு தட்ட வேண்டும். பூ: ஒரு தட்டு. இட்-லி: இரண்டு. தக்-கா-ளி: மூன்று. வா-ழைப்-ப-ழம்: நான்கு. வீட்டிலிருப்பவர்களின் பெயர்களில் தொடங்கினால் குழந்தை விடாமல் கேட்கும். ஒரு வேளைக்கு ஐந்தாறு சொல் போதும். குளிப்பாட்டும்போதோ பேருந்துக்குக் காத்திருக்கும்போதோ செய்யலாம். உட்காரவைத்துச் செய்யத் தேவையில்லை.

இங்கே பெரியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. தக்காளியில் நான்கு எழுத்து இருக்கிறதே என்று நான்கு தட்டு தட்டவைப்பார்கள். 'க்' என்ற புள்ளியெழுத்துக்குத் தனித்தட்டு கிடையாது. அது 'த'வோடு ஒட்டி 'தக்' என்றுதான் வாயில் வரும். பின்னால் மெய்யெழுத்து வாசிக்கும்போது வரப்போகும் பெரிய தடுமாற்றத்தை இந்தத் தட்டே முன்கூட்டிச் சரிசெய்துவிடும். ஆகவே எழுத்தை எண்ண வேண்டாம், காதை நம்பலாம்.

தட்டு பழகியபின் முதல் ஒலி விளையாட்டு. 'ம என்று தொடங்குகிற ஏதாவது சொல்லு' என்றால் மரம், மணி, மயில் என்று வரும். சில குழந்தைகள் 'மாமா', 'மீன்' என்றும் சொல்லும். தப்பு என்று தள்ளிவிட வேண்டாம். 'ம', 'மா', 'மீ' மூன்றிலும் ஒளிந்திருக்கும் 'ம்' என்ற தனி ஒலியை அந்தக் காது பிடித்துவிட்டது என்று பொருள். அது எழுத்தைவிட ஒரு படி ஆழமான கேட்பு, அவ்வளவு சீக்கிரம் எல்லாக் குழந்தைக்கும் வருவதில்லை. கன்னடம் வாசிக்கக் கற்ற குழந்தைகளிடம் ஆய்வாளர் சோனாலி நாக் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது. அசையைப் பிரித்துணரும் திறன் முன்னால் வருகிறது, தனி ஒலியைப் பிரித்துணரும் திறன் மெதுவாகப் பின்னால் வருகிறது, எழுத்துகள் முழுவதும் கைவர முதலிரண்டு வகுப்புகளைத் தாண்டியும் காலம் பிடிக்கிறது. கன்னடத்தைப் போலத் தமிழிலும் எழுத்து பெரும்பாலும் ஓர் அசையைக் குறிப்பது என்பதால், எல்.கே.ஜி. குழந்தை 247-ஐயும் ஒரே வருடத்தில் முடிக்கவில்லையே என்ற பதற்றத்துக்கு இடமில்லை.

குறில்-நெடில் வேறுபாடும் காதில்தான் முதலில் பதிய வேண்டும். முட்டை-மூட்டை, பட்டு-பாட்டு, பல்-பால், கல்-கால். இரண்டு பொருளையோ படத்தையோ வைத்து, ஒன்றைச் சொல்லித் தொடச் சொன்னால் போதும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு; ஒரு மாத்திரை என்பது கண் இமைக்கும் அல்லது விரல் நொடிக்கும் நேரம். இந்தப் பழைய இலக்கண அளவை அப்படியே விளையாட்டாக்கலாம்: குறிலுக்கு ஒரு நொடிப்பு, நெடிலுக்கு இரண்டு. நான்கு வயதில் விரல் நொடிக்க வராது. தொடையில் தட்டிக்கொள்ளட்டும்.

படம் சொல்வதும் வாய் சொல்வதும்

கடையில் வாங்கும் அட்டவணைகளில் 'இ' என்றால் இலை, 'உ' என்றால் உரல். தமிழ்நாட்டில் பல வீடுகளில் குழந்தை இலையை 'எல' என்றும், உரலை 'ஒரல்' என்றும் கேட்டு வளர்கிறது. உரலைப் பார்த்தே இராத குழந்தைகள் வேறு. பேச்சுத் தமிழில் 'அ'கரமோ 'ஐ'காரமோ அடுத்த அசையில் வந்தால், முன்னால் உள்ள இ, எ ஆகவும் உ, ஒ ஆகவும் இறங்கிவிடும். விளக்கு 'வெளக்கு' ஆவதும் குடை 'கொட' ஆவதும் அப்படித்தான். ஆக, இலைப் படத்தைக் காட்டி 'இ' என்றால் குழந்தையின் காதும் கண்ணும் சண்டை போடுகின்றன. காது சரியாக வேலைசெய்யும் குழந்தைதான் இங்கே அதிகம் தடுமாறும்.

வழி எளிது. புள்ளியெழுத்து அடுத்து வரும் சொற்களில் இந்த இறக்கம் வராது. 'இ'க்கு இட்லி, இஞ்சி. 'உ'வுக்கு உப்பு, உண்டியல். 'எ'வுக்கு எலி, 'ஒ'வுக்கு ஒட்டகம், 'கு'வுக்குக் குச்சி. குறில்-நெடிலுக்குக் குடை-கூடை ஜோடியை எல்லோரும் காட்டுவார்கள். அதைவிட முட்டை-மூட்டை நல்லது, ஏனென்றால் 'முட்ட', 'மூட்ட' என்று பேச்சிலும் உகரம் உகரமாகவே நிற்கிறது.

சொல்லின் முடிவிலும் இதே சிக்கல் உண்டு. பல், கண், மீன் என்பவை வாயில் பல்லு, கண்ணு, மீனு. குழந்தை 'பல்' அட்டையைப் பார்த்து 'பல்லு' என்று படித்தால் அது சொல்லைப் பிடித்துவிட்டது. திருத்த வேண்டுமானால் 'ஆமாம், பல்லு. எழுதும்போது பல்' என்று ஒருமுறை சொல்லி நகர்ந்துவிடலாம். பேச்சுத்தமிழைப் பிழை என்று குழந்தைக்குச் சொல்வது அதன் வாயையே மூடிவிடும்.

இன்னொரு சங்கடம். ஒவ்வோர் எழுத்துக்கும் அதில் தொடங்கும் சொல் வேண்டும் என்ற பிடிவாதம் ஆங்கில அட்டவணையிலிருந்து வந்தது. தமிழ் மெய்கள் பதினெட்டில் சொல்லுக்கு முதலில் வரக்கூடியவை பத்து என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன எட்டும் தமிழ்ச் சொல்லின் முதலில் வாரா. அதனால்தான் அட்டவணைக்காரர்கள் டமாரம், லட்டு, ரயில் என்று அலைகிறார்கள். 'ண'வுக்கு அதுவும் கிடைப்பதில்லை. இந்த எழுத்துகளைச் சொல்லின் கடைசியில் காட்டினால் போதும்: கண், பல், தேள், தேர், மீன், கூழ். 'ட'வைப் படம், பட்டம் என்று நடுவில் காட்டலாம். 'ற'வை ஆறு, காற்று என்று பின்னால் பார்த்துக்கொள்ளலாம். 'ங'வைத் தனியாகக் கற்பிக்கவே வேண்டாம். ஐந்து வயதில் 'தங்கம்', 'மாங்காய்' என்று 'ங்க' ஒரே துண்டாக வரும்போது அதுவே புரியும்.

ஐந்து எழுத்து, இரண்டு குறி

எழுத்தைக் கண்ணில் காட்ட நான்கு வயதை ஒட்டித் தொடங்கலாம். ம, அ, க, ப, த என்ற ஐந்து எழுத்தும், புள்ளியும், துணைக்காலும் போதும். இவற்றைக்கொண்டு படிக்க முடிகிற சொற்களைப் பாருங்கள்: அம்மா, அப்பா, அக்கா, மாமா, தாத்தா, பாப்பா, காக்கா. யாழ்ப்பாணத்து வீடு என்றால் இன்னும் அதிர்ஷ்டம்: அம்மம்மா, அப்பம்மா, அம்மப்பா, அப்பப்பா என்று நான்கு பேரும் இதே எழுத்துகளுக்குள் வந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டு வீட்டில் 'பாட்டி'க்கு ட-வும் மேல்விலங்கும் (இகரக் குறி) வேண்டும், கொஞ்சம் காத்திருக்க வேண்டும். பாட்டி காத்திருக்கமாட்டார் என்றால் அவர் படத்தோடு 'பாட்டி'யை முழுச்சொல் அட்டையாக ஒட்டிவிடலாம், தப்பில்லை.

வரிசையை ம, அ, க, ப, த என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. ப-வும் ம-வும் உருவத்தில் நெருக்கம், இரண்டும் உதட்டில் பிறப்பவை. க-வும் த-வும் பார்வைக்கு அண்ணன் தம்பி. நெருக்கமான இரண்டை அடுத்தடுத்துக் கற்பித்தால் இரண்டும் சேர்ந்தே குழம்பும். நடுவில் வேறோர் எழுத்தை வைத்து, முதலாவது உறுதியானபின் இரண்டாவதைக் கொண்டுவர வேண்டும்.

அட்டைகளை வீட்டிலேயே செய்யலாம். 8 செ.மீ. சதுரமான வெள்ளை அட்டை, 5 செ.மீ. உயரத்தில் கறுப்பு மார்க்கரால் எழுத்து. எழுத்துக்குள் கண், மூக்கு வைத்து அலங்கரிக்க வேண்டாம், குழந்தை அலங்காரத்தை நினைவில் வைத்து எழுத்தை விட்டுவிடும். அ ஒன்று, க, த, ப, ம இரண்டிரண்டு, புள்ளி வைத்த க், த் ஒவ்வொன்று, ப், ம் இரண்டிரண்டு, 3 செ.மீ. அகலத்தில் துணைக்கால் இரண்டு. மொத்தம் 17 அட்டை. மேலே சொன்ன எல்லாச் சொல்லையும் இவற்றால் அடுக்கலாம். புள்ளியை மட்டும் சிவப்பில் வைத்தால் கண் அதைத் தவறவிடாது.

முதல் நாள் 'ம' மட்டும். அடுத்த நாள் துணைக்காலைப் பக்கத்தில் வைத்து 'மா'. இன்னொரு ஜோடி வைத்தால் 'மாமா'. ஓர் எழுத்தும் ஒரு குறியும் தெரிந்த அன்றே குழந்தை ஒரு முழுச்சொல்லைப் படித்துவிடுகிறது. அ-வும் ம்-மும் வந்ததும் அம்மா. க வந்ததும் அக்கா, காக்கா. ஓர் எழுத்துக்கு மூன்று நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், மிஞ்சினால் ஏழு. குழந்தை எழுந்து போவதற்குள் நாம் நிறுத்திவிட வேண்டும்.

அட்டையைக் காட்டும் முறைக்கு மூன்று படிகள். 'இது ம' என்று சொல்வது முதல் படி. இரண்டு மூன்று அட்டைகளைப் பரப்பி 'ம எங்கே?' என்று கேட்டுத் தொடவைப்பது இரண்டாவது. அட்டையைக் காட்டி 'இது என்ன?' என்பது மூன்றாவது. பிரெஞ்சு மருத்துவர் எடுவார் செகான் வகுத்த முறை இது. மரியா மாண்டிசோரி இதை எடுத்தாண்டதால் உலகெங்கும் பரவியது. 1939இல் இந்தியா வந்த மாண்டிசோரி, சென்னை அடையாற்றில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். வீடுகளில் நடப்பது என்னவென்றால், முதல் படி முடிந்த கையோடு மூன்றாவதற்குத் தாவிவிடுகிறார்கள், அதுவும் விருந்தினர் முன்னால். 'இது என்ன?' என்பது பரீட்சைக் கேள்வி. இரண்டாவது படியில்தான் கற்பது நடக்கிறது, அங்கே நான்கைந்து நாள் தங்கலாம். 'ப-வை நாற்காலி மேல் வை, ம-வைக் கட்டிலுக்கு அடியில் ஒளி' என்று ஓடவிட்டால் பத்து முறை கேட்டும் சலிக்காது.

ஐந்தும் உறுதியானபின் ட, ல, ண சேரட்டும். படம், பட்டம், கடல், கப்பல், பல், பால், கல், கால், கண் எல்லாம் திறந்துகொள்ளும். 'ஆ' வந்தால் ஆப்பமும் ஆட்டமும். ர-வைச் சில வாரம் தள்ளிப்போட வேண்டும்: அச்சில் அதற்கும் துணைக்காலுக்கும் கீழே உள்ள சிறு சாய்கோடு மட்டுமே வேறுபாடு. சில எழுத்துருக்களில் அந்தக் கோடும் கண்ணுக்குத் தெரியாது. அட்டையில் அந்தக் கோட்டைக் கொஞ்சம் நீட்டி எழுதுவது நல்லது.

வல்லின எழுத்து ஒவ்வொன்றும் இடத்துக்கு இடம் ஒலி மாறும். கல், பக்கம் என்பவற்றில் ஒரு க. பகல், தங்கம் என்பவற்றில் வேறு க. வீட்டில் தமிழ் பேசும் குழந்தைக்கு இதை விளக்கவே வேண்டாம், சொல் பிடிபட்டதும் வாய் தானாகத் திருத்திக்கொள்ளும். கனடாவிலோ லண்டனிலோ ஆங்கிலமே முதல் மொழியாக வளரும் குழந்தைக்குத்தான் இது முட்டுக்கட்டை. அவர்களுக்கு முதல் சில மாதம் முதலெழுத்தாகவோ இரட்டித்தோ வரும் சொற்களையே கொடுத்து, தம்பி, பசி, மஞ்சள் போன்றவற்றைப் பிறகு கேட்டுப் பழகவைக்கலாம்.

'இக்'கால் வரும் குழப்பம்

மெய்யெழுத்தைத் தனியே உச்சரிப்பது கடினம் என்பதால் இக், இங், இச் என்று முன்னால் இகரம் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறோம். அப்படிக் கற்ற குழந்தை 'கல்' என்பதை 'க, இல்' என்று எழுத்துக்கூட்டி 'கயில்' என்று படிக்கும். 'பல்' பயில் ஆகும். குழந்தை செய்வது தப்பே இல்லை, கொடுத்த ஒலிகளை நேர்மையாகச் சேர்க்கிறது. 'க் + அ = க' என்ற சூத்திரமும் இந்த வயதுக்கு வேண்டாம். 'இக், அ' என்று சேர்த்துப் பார்த்தால் 'இக்க' என்றுதான் வரும்.

புள்ளியெழுத்தைத் தனி அட்டையாகக் காட்டி 'இது என்ன' என்று கேட்காமலே இருப்பது சிறந்த தீர்வு. 'க' அட்டையை வைத்து, 'ல்' அட்டையைத் தள்ளிக்கொண்டுவந்து அதோடு ஒட்டவைத்து, ஒட்டும் கணத்தில் 'கல்' என்று ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். புள்ளி வைத்தவர் தனியாக நிற்கமாட்டார், முன்னால் இருப்பவர் தோளில் கைபோட்டுக்கொள்வார் என்று குழந்தைக்குச் சொன்னால் புரியும். கைதட்டில் 'தக்' என்று ஒரே தட்டு பழகிய குழந்தைக்கு இது ஏற்கெனவே பாதி தெரிந்த சங்கதி.

பழைய பெயர்களான அனா, ஆவன்னா, கானா, மானா வீட்டில் யாராவது சொன்னால், கேட்க இனிமைதான், ஆனால் வாசிக்கத் தொடங்கும் மாதங்களில் ஒதுக்கிவைக்கலாம். தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்றாகவே இருக்க முடியும் என்பது பெரிய வசதி. 'ம'வை 'ம' என்றே சொன்னால் போகிறது.

கொம்பு, விலங்கு

துணைக்கால் எழுத்துக்கு வலப்பக்கம் வருகிறது, ஒலியும் பின்னால் நீள்கிறது, எல்லா மெய்க்கும் ஒரே வடிவம். அதனால்தான் அது முதலில். அடுத்தது மேல்விலங்கு (கி), மேல்விலங்குச் சுழி (கீ). டி, டீ மட்டும் வடிவம் மாறும், தனியாகக் காட்டிவிட வேண்டும். பிறகு கொம்புகள்.

ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்கின்றன, ஆனால் ஒலியில் பின்னால் வருகின்றன. இடமிருந்து வலமாகப் படிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு இங்கே மட்டும் திரும்பிப் பார்க்கச் சொல்கிறோம். 'கே' என்பதைக் குழந்தை 'ஏ, க' என்று பிரித்தால் அதற்கு இடம் கொடுத்தது எழுத்துமுறைதான். கொம்பைத் தனி அட்டையாகப் பெயர் சொல்லிப் பழக்குவது இந்தத் தவறை வளர்க்கும். 'க' அட்டையை வைத்து, கொம்பு அட்டையை இடப்பக்கம் கொண்டுவந்து ஒட்டி, 'கே' என்று முழு ஒலியையே சொல்ல வேண்டும். எடுத்தால் 'க', வைத்தால் 'கே', நான்கைந்து முறை. அதே கொம்பை ம, ப, த என்று மாற்றி வைத்தால் மே, பே, தே. கொ, கோ இரண்டுக்கும் புதிதாக எதுவும் வேண்டாம், கொம்பும் காலும் சேர்ந்து நிற்கும் அவ்வளவே. சங்கிலிக்கொம்பை (கை) அதன்பின் வைத்துக்கொள்ளலாம். கௌ வரிசையைப் பள்ளிக்கு விட்டுவிடலாம்.

உ, ஊ வரிசைகளைக் கடைசியில் வைக்க வேண்டும். கு, சு, டு, து, பு, மு, று என்று எழுத்துக்கு எழுத்து வால் மாறும். 36 வடிவங்களுக்கு ஒரே விதி கிடையாது. விதி சொல்லித்தர முயலாமல், ஆடு, மாடு, வீடு, பாட்டு என்று தெரிந்த சொல்லுக்குள் ஒவ்வொன்றாகக் கண்ணில் படவிடுவதே நடைமுறை.

தாத்தா கையெழுத்தில் ஒரு சின்னத் தடங்கல் வரலாம். 1978இல் தமிழ்நாடு அரசு ணா, றா, னா, அவற்றின் ஒகர, ஓகார வடிவங்கள், ணை, லை, ளை, னை ஆகிய 13 எழுத்துகளின் பழைய தனிவடிவங்களை மாற்றி, பெரியார் 1935 முதல் தம் இதழில் அச்சிட்டுவந்த முறையை ஏற்றது. அதற்கு முன் படித்தவர்கள் இன்னும் தும்பிக்கை போட்ட 'லை'யை எழுதுவார்கள், பழைய புத்தகங்களிலும் அது இருக்கும். ஆறேழு வயதில் வேடிக்கையாகக் காட்டலாம், நான்கு வயதில் வேண்டாம்.

கை கடைசியில்

மரபு வரிசையில் முதலில் வரும் 'அ', எழுதுவதற்குக் கடினமானவற்றில் ஒன்று: சுழி, வளைவு, குறுக்குக்கோடு, நெடுங்கோடு நான்கும் ஒரே எழுத்தில். 'இ' அதைவிட மோசம். குழந்தைகள் வட்டத்தைப் பார்த்து வரையப் பொதுவாக மூன்று வயது ஆகும், கூட்டல் குறிக்கு நான்கு, சதுரத்துக்கு நான்கரை, முக்கோணத்துக்கு ஐந்து. இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், மூன்றரை வயதில் ஒரு பக்கம் நிறைய 'அ' எழுதிவரச் சொல்லும் வீட்டுப்பாடம் எவ்வளவு அபத்தம் என்று தெரியும். படிப்பது அம்மாவில் தொடங்கட்டும். எழுதுவது ட, ப, ம, ய என்று கோட்டு வடிவங்களில் தொடங்கட்டும். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பழக்கமான வரிசைதான் இது. இரண்டும் ஒரே வரிசையில் போக வேண்டிய அவசியமில்லை.

விஜயதசமியில் தட்டில் அரிசி பரப்பிக் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதவைப்பதும், ஈழத்தில் ஏடு தொடக்குவதும் ஒரு நாள் மங்கலம். மறுநாளே பென்சிலைக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் அந்தத் தட்டில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள். 1789இல் சென்னை எழும்பூர் ஆண் அநாதைச் சிறுவர் காப்பகத்தில் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல் அதைப் பார்த்துத் தம் பிள்ளைகளுக்கும் கொண்டுவந்தார். 1797இல் அவர் வெளியிட்ட சிறுநூல் வழியாக மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குக் கற்பிக்கும் 'மதராஸ் முறை'யின் ஒரு பகுதியாக அது இங்கிலாந்துக்கே போனது.

வீட்டில் செய்ய, சுமார் 30 × 20 செ.மீ. அளவில் அடர்நிறத் தட்டு, அதில் அரை செ.மீ. உயரத்துக்கு ரவை. அரிசி பருமன் என்பதால் கோடு தெளிவாக விழாது. ரவை ஒரு செ.மீ.க்கு மேல் போனால் இருபுறமும் சரிந்து கோட்டை மூடிவிடும். அடித்தட்டு வெளுத்திருந்தால் எழுதியது தெரியாது. கோலமாவு பறந்து மூக்கில் ஏறும், வேண்டாம். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து எழுதட்டும். அட்டையில் எழுத்தை உப்புத்தாளில் வெட்டி ஒட்டிவைத்தால் அதைத் தடவிவிட்டு ரவையில் எழுதலாம்; நைஸ் ரகம் வாங்க வேண்டும், முரட்டு ரகம் விரலைக் கீறும். சப்பாத்தி மாவைப் பென்சில் கனத்துக்குத் திரித்து ட, ப செய்வதும் இதே வேலையைச் செய்யும், விரலுக்கு வலுவும் சேரும்.

சிலேட்டும் பலப்பமும் இன்றும் நோட்டுப் புத்தகத்தைவிட மேல். கல்லின் உராய்வு கையை நிதானப்படுத்தும், அழிப்பதும் சுலபம். பலப்பத்தை உடைத்து 3 செ.மீ. துண்டாகக் கொடுத்தால் முஷ்டியால் பிடிக்க இடமிருக்காது, மூன்று விரல் பிடி தானாக வரும். கிரேயானுக்கும் இதே உபாயம். பலப்பத்தையோ மண்ணையோ குழந்தை விடாமல் தின்றால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று மருத்துவரிடம் பார்த்துவிட வேண்டும்.

புள்ளிக்கோட்டின் மேல் எழுதும் பயிற்சித்தாள்களை அளவோடு வைத்துக்கொள்ளலாம். குழந்தை புள்ளிகளை எங்கிருந்து வேண்டுமானாலும் இணைத்துவிடும். முடிந்ததும் பார்க்க 'ப' போல இருக்கும், ஆனால் கை போன பாதை தலைகீழ். அந்தப் பழக்கம் பின்னால் வேகமாக எழுதும்போது இடறும். ஒரு பக்கம் நிரப்புவதைவிட, எங்கே தொடங்குவது என்று ஒரு பச்சைப் புள்ளி வைத்து, நாம் பக்கத்தில் இருந்து மூன்று முறை எழுதவைப்பது மேல். பள்ளி ஒரு பக்கம் கேட்டால், மூன்று வரி எழுதவைத்துவிட்டு ஆசிரியரிடம் காரணத்தைச் சொல்லலாம். எழுத்தைத் தலைகீழாகவோ கண்ணாடியில் பார்ப்பதுபோலவோ எழுதுவது ஆறேழு வயதுவரை சகஜம்.

ல-ள-ழ, ன-ண-ந, ர-ற

இந்த வயதில் இவற்றைக் காதால் பிரிக்கச் சொல்லி வதைக்கக் கூடாது. ழகரத்தைப் பெரியவர்களிலேயே பலர் ளகரமாகவும், சென்னைப் பக்கம் சிலர் யகரமாகவும் சொல்கிறார்கள். குழந்தை நாக்குக்கு அது தாமதமாகத்தான் வரும். ந-வும் ன-வும் இன்றைய பேச்சில் பெரும்பாலோர் வாயில் ஒன்றுதான். இல்லாத வேறுபாட்டைக் கேள் என்றால் குழந்தை எதைக் கேட்கும்? இடத்தை வைத்துக் காட்டுவது எளிது: சொல்லின் முதலில் ந, கடைசியில் ன். ஐந்து வயதுக்கு மேல் ண்ட, ந்த, ன்ற என்று இணைபிரியாத துண்டாகவே காட்டலாம்: வண்டு, பந்து, கன்று. பள்ளியில் டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று சொல்வது இந்தக் கூட்டணிகளை வைத்துத்தான்.

ஆங்கிலமும் கூடவே

எல்.கே.ஜி.யில் ஆங்கில ஃபோனிக்ஸும், அதாவது எழுத்தின் ஒலிகளைச் சேர்த்துப் படிக்கும் முறையும், சேர்ந்து வரும். அங்கும் நல்ல திட்டங்கள் அகரவரிசையில் தொடங்குவதில்லை. ஸ், ஆ, ட், ப், இ, ந் ஒலிகளுக்கான ஆறு எழுத்துகளை முதலில் எடுத்து, ஸிட், பின், டிப் என்று உடனே சொல் படிக்கவைக்கிறார்கள். நம் ஐந்தெழுத்துக்குப் பின்னால் இருப்பதும் அதே யோசனை. ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு: ஆங்கில எழுத்தை அகரம் ஒட்டாமல் தனி மெய்யாகச் சொல்ல வேண்டும். 'ஸ-இ-ட' என்றால் அது 'ஸிட்' ஆகச் சேராது; நீட்டி 'ஸ்ஸ்' என்க வேண்டும். தமிழில் 'ம' என்பது அகரத்தோடுதான். ஒரே அமர்வில் இரண்டையும் கலந்தால் குழந்தை எந்தப் பழக்கத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் திணறும். காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று பிரித்துவிட்டு, வீட்டில் பேசும் மொழியைச் சில வாரம் முன்னால் ஓடவிடலாம்.

இவற்றோடு தினம் பத்து நிமிடம் படப்புத்தகத்தை வாய்விட்டுப் படித்துக்காட்ட வேண்டும், வரியின் கீழே விரலை ஓட்டிக்கொண்டு. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, நிலை ஒன்று என்று குறித்தவை இந்த வயதுக்குத் தோதானவை. தெரிந்த எழுத்து கண்ணில் பட்டால் குழந்தையே நிறுத்திச் சுட்டிக்காட்டும். அப்போது 'அப்படியா!' என்பது போதும். அடுத்த எழுத்து என்ன என்று கேட்டால் கதை செத்துவிடும்.

நான்கரை வயதாகியும் தன் பெயரையே தட்டிப் பிரிக்க வராத, அறிமுகமில்லாதவர்களுக்குப் பேச்சு புரியாத, அடிக்கடி சளியும் காதில் சீழும் வருகிற குழந்தையிடம் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு போராடுவதில் பொருளில்லை. நடுக்காதில் நீர் தேங்கினால் கேட்பு ஏற்ற இறக்கமாக இருக்கும்: ஒரு நாள் 'ப' சரியாகக் கேட்கும், மறுநாள் ப-வும் ம-வும் ஒன்றாகக் கேட்கும். கவனக்குறைவு என்று நினைத்து அதட்டுவோம். காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் கேட்புச் சோதனை செய்துவிட்டு, அதன்பிறகு 'ம' அட்டையை எடுக்கலாம்.